யுடோஃபு: வெந்நீரும் தோட்டமும்

யுடோஃபு என்ற ஜப்பானியச் சொல்லில் 'யு' என்பது வெந்நீர். டோஃபு என்பது சோயா மொச்சையின் பாலைத் திரியவைத்து எடுக்கும் வெண்ணிறக் கட்டி. அந்தப் பதார்த்தத்தில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மண்சட்டி நிறையத் தண்ணீர், அடியில் கொன்பு எனும் கடற்பாசித் துண்டு ஒன்று, நீரில் அமிழ்ந்த வெள்ளைச் சதுரங்கள் சில. கியோட்டோ நகரின் கிழக்கு ஓரத்தில், ஹிகாஷியாமா மலையடிவாரத்து நான்ஸென்ஜி கோயிலைச் சுற்றி, இந்தச் சட்டியையே தலைமை உணவாகப் படைக்கும் பழைய உணவகங்கள் இருக்கின்றன. அவற்றின் கூடங்கள் தோட்டத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். காரமோ எண்ணெயோ தூக்கலாக இல்லாத உணவில் குறையை மூடி மறைக்க வழியில்லை: தண்ணீர் மோசமானால் நாக்குக்குத் தெரிந்துவிடும், சூடு கொஞ்சம் மிஞ்சினால் பல்லுக்குத் தெரிந்துவிடும். அதனால் யுடோஃபுவின் பக்குவம் சட்டிக்கு வெளியே, கிணற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

டோஃபு செய்யும் முறை தேங்காய்ப்பால் எடுப்பதைப் போலத் தொடங்கிப் பால் திரிப்பதைப் போல முடிகிறது. காய்ந்த சோயா மொச்சையைக் கோடையில் எட்டு மணி நேரம், குளிர்காலத்தில் அதைப்போல் இருமடங்கு நேரம் ஊறவைக்கிறார்கள். பிறகு தண்ணீர் விட்டு அரைத்து, காய்ச்சி, துணியில் பிழிகிறார்கள். வடிவது சோயாப் பால். துணியில் தங்கும் சக்கைக்கு ஓகாரா என்று பெயர். அதையும் காய்கறியோடு வதக்கி உண்பார்கள். சூடான பாலில் நிகாரி சேர்த்ததும் புரதம் ஒன்றுசேர்ந்து கட்டியாகிறது. நிகாரி என்பது கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தபின் மிஞ்சும் கசப்பு நீர். அதன் முக்கியச் சத்து மெக்னீசியம் குளோரைடு. இன்று கால்சியம் சல்பேட்டையும் பயன்படுத்துகிறார்கள். திரிந்ததை ஓட்டை போட்ட பெட்டியில் பருத்தித் துணி விரித்துக் கொட்டி, மேலே பாரம் வைத்து அழுத்தினால் கிடைப்பது மோமென். கெட்டியான பாலைப் பெட்டியிலேயே உறையவிட்டு, அழுத்தாமல் எடுத்தால் கினுகோஷி. மோமென் என்றால் பருத்தி, கினு என்றால் பட்டு. முதலாவதில் துணியின் நெசவுத் தடம் மேலே பதிந்திருக்கும். இரண்டாவது பட்டில் வடிகட்டியதல்ல. வழவழப்பினால் வந்த பெயர்.

எந்த வகையானாலும் டோஃபுவில் பெரும்பங்கு தண்ணீர்தான். மோமெனில் ஏறத்தாழ 86 விழுக்காடு, கினுகோஷியில் 88 விழுக்காடு. மொச்சையை ஊறவைப்பது, அரைப்பது, உறைந்த கட்டியைக் குளிர வைப்பது, கடைசியில் சட்டியில் சூடாக்குவது எல்லாமே தண்ணீர் கொண்டுதான். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கியோட்டோவின் அடியில் நிலத்தடி நீர் வளமாக இருக்கிறது. சுண்ணாம்பும் மெக்னீசியமும் குறைந்த மென்னீர் அது. கொன்பின் சாரம் மென்னீரில் நன்றாக இறங்கும். கடின நீரில் தயங்கும். நகரின் தெற்கே உள்ள ஃபுஷிமியில் சாக்கே மதுத் தொழில் தழைத்ததற்கும், நகரெங்கும் டோஃபுவும் யுபா எனும் சோயாப் பால் ஆடையும் பேர் வாங்கியதற்கும் இதே நிலத்தடி நீர்தான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

டோஃபு பிறந்த இடம் சீனா. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் ஹுவாய்நான் இளவரசர் லியூ ஆன் கண்டுபிடித்தார் என்பது மரபுக் கதை. உறுதியான எழுத்துச் சான்று பத்தாம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. ஜப்பானில் முதல் சான்று 1183ஆம் ஆண்டினுடையது. நாராவின் கசுகா ஆலயப் பூசகர் ஒருவரின் நாட்குறிப்பில், படையல் பொருட்களிடையே டோஃபு இடம்பெறுகிறது. அதற்கு வெகு முன்பே, 675இல், பேரரசர் தெம்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் சில மாதங்களுக்குத் தடை செய்திருந்தார். தடைகள் அவ்வப்போது தளர்ந்தாலும், பௌத்தத்தின் செல்வாக்கில் இறைச்சி மீதான தயக்கம் நூற்றாண்டுகளுக்கு நீடித்தது. 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி பரபரப்பாகும் அளவுக்கு அந்தத் தயக்கம் ஆழமாக இருந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க மடங்களின் புரதத் தேவையைத் தாங்கியது சோயா மொச்சை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸென் பௌத்தம் வேரூன்றியபோது சமையற்கட்டின் தகுதியும் உயர்ந்தது. சோட்டோ மரபைத் தொடங்கிய தோகென் 1237இல் மடத்துச் சமையல் பொறுப்பாளருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசி களைவதும் கீரை ஆய்வதும் தியானத்துக்குக் குறைந்த வேலை அல்ல என்பது அதன் சாரம். இந்த மரபில் வளர்ந்த மரக்கறிச் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர். மீன், இறைச்சி, முட்டை இதில் சேராது. பூண்டு, வெங்காயம் போன்ற நெடியுள்ள ஐந்து வகைகளும் சேராது. நம்மூர்க் கோயில் மடைப்பள்ளிகளும் வெங்காயத்தையும் பூண்டையும் இப்படித்தான் விலக்கி வைத்திருக்கின்றன. சுவையூட்டிகள் இவ்வளவு விலக்கப்பட்ட பிறகு எஞ்சுவது பக்குவம் ஒன்றே. டோஃபு அந்தச் சமையற்கட்டில்தான் தன் பல உருவங்களை எடுத்தது.

மடத்திலிருந்து அது நகரத்துக்கு வந்ததற்கு அழகான சான்று, 1782இல் ஒசாகாவில் வெளியான 'தோஃபு ஹியாக்குசின்'. 'டோஃபு நூறு வகை' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். புனைபெயரில் ஒருவர் எழுதிய அந்த நூல் நூறு பதார்த்தங்களை ஆறு தரங்களாகப் பிரிக்கிறது. அன்றாட வகை 26இல் தொடங்கி, ஒப்பற்ற வகை ஏழில் முடியும் வரிசை அது. நூல் நன்றாக விற்றதால் அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடர்ச்சிகளும் வந்தன. இதில் கவனிக்க வேண்டியது, யுடோஃபுவின் நெருங்கிய உறவான 'யுயாக்கோ' எங்கே வைக்கப்பட்டது என்பதுதான். வெறும் கொதிநீர்ச் சரக்கு என்று அது அன்றாட வகையில் தள்ளப்படவில்லை. உச்சத் தரமான ஏழில் ஒன்றாக நிற்கிறது. கூவை மாவு போன்ற குஸு மாவு கரைத்த கொதிநீரில் டோஃபுவை இட்டு, அது அசையத் தொடங்கி மேலே எழப்போகும் தறுவாயில் அள்ளிவிட வேண்டும் என்கிறது செய்முறை. மிதந்துவிட்டால் பக்குவம் தப்பிவிட்டதாம். இன்றைய உணவகங்களிலும் விதி இதுவே. அதிகம் கொதித்த டோஃபுவின் உள்ளே சிறு துளைகள் விழுந்து, கட்டி இறுகிவிடும்.

நான்ஸென்ஜி 1291இல் பேரரசர் கமேயாமா தம் மாளிகையைக் கோயிலாக்கியதில் உருவானது. 1386 முதல் கியோட்டோ, கமாகுரா நகரங்களின் 'ஐம்பெரும் ஸென் கோயில்கள்' இரண்டு வரிசைகளுக்கும் மேலான தகுதி அதற்கு. இத்தகைய கோயிலின் வாசலில் தேநீர்க் கடைகள் முளைப்பதும், வந்தவர்களுக்கு மடத்து உணவின் சாயலில் எளிய உணவு தருவதும் இயல்பு. அந்த வழியில் வந்த ஒக்குதான் என்ற உணவகம் தன் தொடக்க ஆண்டாக 1635ஐச் சொல்கிறது. பக்கத்திலுள்ள ஜுன்செய்யின் கதை வேறு. ஷிங்கூ ரியோதெய் என்ற மருத்துவர், டச்சுக்காரர் வழியாக வந்த மேலை மருத்துவத்தைக் கற்பிக்க 1839இல் நிறுவிய ஜுன்செய் ஷோயின் கல்விக்கூடம் அது. பழைய வாயிலும் கூடமும் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவாகியிருக்கின்றன. அன்று மாணவர்கள் படித்த வளாகத்தில் இன்று யுடோஃபு பரிமாறப்படுகிறது. கூடத்தைச் சுற்றிக் குளமும் பாதையுமாகத் தோட்டம் விரிகிறது.

இந்தப் பகுதியின் தோட்டங்களுக்கு இரண்டு காலங்கள் உண்டு. முதல் காலத்தில் கோயிலுக்குள்ளே நீரே இல்லாத தோட்டங்கள் பிறந்தன. நான்ஸென்ஜியின் தலைமைக் குருவின் மாளிகை முன் வெண்மணலும் பாறைகளுமாக இருக்கும் தோட்டத்துக்கு 'புலிக்குட்டிகள் ஆற்றைக் கடத்தல்' என்று செல்லப்பெயர். கிளைக்கோயிலான கொன்சி-இன் தோட்டத்தை வடிவமைத்தவர் கோபோரி என்ஷூ. இங்கே மணலில் கீறிய கோடுகளே நீரோட்டம்.

இரண்டாம் காலத்தில் மெய்யான நீர் வந்தது. தலைநகர் டோக்கியோவுக்குப் போனபின் நலிந்த கியோட்டோவை நிமிர்த்த, மலைக்கு அப்பாலுள்ள பிவா ஏரியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1885இல் தொடங்கிய வேலை 1890இல் முடிந்தது. பொறுப்பேற்ற பொறியாளர் தனபே சகுரோ, கல்லூரியை முடித்த கையோடு வந்த இளைஞர். கால்வாயின் கிளை ஒன்று 1888இல் கட்டிய செங்கல் வளைவுப் பாலத்தின் மேல் நான்ஸென்ஜி வளாகத்தின் ஊடாகவே ஓடுகிறது. சரக்குப் படகு, மின்சாரம், பாசனம் ஆகியவற்றுக்குப் பயன்பட்ட அந்த நீர், அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் உயிர் கொடுத்தது. ஏழாம் ஒகாவா ஜிஹெய் என்ற தோட்டக் கலைஞர் இதைக் கொண்டு ஒரு புதிய பாணியையே உருவாக்கினார். அரசியல் தலைவர் யாமகாதா அரிதோமோவுக்காக 1894 முதல் 1896 வரை உருவான முரின்-ஆன் தோட்டத்தில் மணல் கோடுகள் இல்லை. சலசலக்கும் ஓடை, புல்வெளி, பின்னால் ஹிகாஷியாமா மலை. தொலைவிலுள்ள மலையைத் தோட்டத்தின் பகுதியாக்கிக்கொள்ளும் இந்த உத்திக்கு 'ஷாக்கெய்', அதாவது இரவல் காட்சி, என்று பெயர்.

உணவகத்தின் தோட்டம் நடந்து பார்ப்பதற்காக மட்டும் அமைவதில்லை. முதன்மையாக அது உட்கார்ந்து பார்ப்பதற்கானது. தத்தாமிப் பாயில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கல்விளக்கு எங்கே நிற்க வேண்டும், பைன் மரத்தின் எந்தக் கிளை தாழ வேண்டும், குளத்தின் எவ்வளவு பகுதி தெரிய வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். கூடத்தின் தூண்களும் தாழ்ந்த கூரை விளிம்பும் காட்சிக்குச் சட்டம் போடுகின்றன. கூடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே எங்காவா என்ற மரத் தாழ்வாரம்; நம் திண்ணையைப் போல உள்ளுமில்லாத வெளியுமில்லாத இடம். ஷோஜி என்ற காகிதக் கதவுகளில் ஒரு வகைக்கு 'யுகிமி', பனி காண் கதவு, என்று பெயர். கீழ்ப்பாதியில் கண்ணாடி இருப்பதால், குளிர் உள்ளே வராமல் தரையில் படியும் பனியை அமர்ந்தபடியே பார்க்கலாம். சில தோட்டங்களில் ஷிஷி-ஓதோஷி என்ற மூங்கில் குழாயும் உண்டு. நீர் நிரம்பியதும் கவிழ்ந்து, திரும்பும்போது கல்லில் 'டொக்' என்று மோதும். பயிரை மேயும் மானையும் பன்றியையும் விரட்ட வந்த கருவி, பின்னாளில் அமைதியை எடுத்துக்காட்டும் ஓசையானது.

கூடத்துக்குள் போகுமுன் காலணியைக் கழற்றிவிட வேண்டும். தத்தாமியில் மெத்தை போட்டுத் தாழ்ந்த மேசைமுன் அமர்வது வழக்கம். காலைத் தொங்கவிட மேசைக்கடியில் பள்ளம் வைத்த கூடங்களும் உண்டு. உணவு அச்சிட்ட வரிசைப்படி ஒவ்வொன்றாக வரும்.

முதலில் வருவது பெரும்பாலும் கோமா-டோஃபு. பெயரில் டோஃபு இருந்தாலும் இதில் சோயா இல்லை. எள்ளை விழுதாக அரைத்து, குஸு மாவோடு கிண்டி உறைய வைத்தது. கூடவே, யாம் வகைக் கிழங்கைப் பச்சையாகத் துருவிய, வழவழப்பான சூப். யுபா என்பது சோயாப் பாலைக் கொதிக்கவிடாமல் காய்ச்சும்போது மேலே படியும் ஆடை. மெல்லிய மூங்கில் குச்சியால் அதை ஒரே தாளாகத் தூக்குவார்கள். சுடச்சுட உண்பதும் உண்டு, காயவைத்துச் சேமிப்பதும் உண்டு. அடுத்து தெங்காகு: டோஃபுத் துண்டுகளைச் சிறு மூங்கில் குச்சிகளில் குத்தி, மிசோ எனும் புளித்த சோயா விழுதைத் தடவி, நெருப்பில் வாட்டியது. வசந்தத்தில் அந்த மிசோவில் கினோமே என்ற தளிரிலையை அரைத்துச் சேர்ப்பார்கள். பச்சை நிறமும் எலுமிச்சைச் சாயல் மணமும் அதனால் வரும். தெங்காகு முதலில் ஒரு கூத்தின் பெயர். ஒற்றைக்கட்டை மேல் நின்றாடிய கலைஞரின் கோலம், குச்சியில் நிற்கும் டோஃபுவுக்குப் பெயர் தந்தது. மசித்த டோஃபுவையும் காய்கறித் துண்டுகளையும் சேர்த்துப் பொரித்த உருண்டையைக் கியோட்டோ வட்டாரத்தில் ஹிரோஸு என்பார்கள். அது பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியரின் பலகாரப் பெயரிலிருந்து திரிந்தது. காய்கறித் தெம்புராவும் சேர்ந்தபின், எல்லாவற்றுக்கும் நடுவே யுடோஃபுச் சட்டி வரும்.

சட்டியை மேசை மேலேயே சிறு கரியடுப்பில் அல்லது எரிவாயு அடுப்பில் வைப்பார்கள். கொன்பு போட்ட நீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. ஆவி மட்டும் எழும் சூடு போதும். டோஃபு லேசாக ஆடும்போது, கம்பியால் பின்னிய சிறு ஜல்லிக்கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் இடவேண்டும். தொட்டுக்கொள்ளச் சோயா சாஸ் அடிப்படையிலான சாறு. மேலே தூவ நறுக்கிய வெங்காயத்தாள், துருவிய இஞ்சி, ஏழு பொருள் சேர்ந்த மிளகாய்ப்பொடி. வெங்காயத்தாளுக்குக் கியோட்டோவின் குஜோ வகை பேர்போனது. மடத்தின் விலக்குப் பட்டியலில் உள்ள வெங்காயம் இங்கே கிண்ணத்துக்கு வந்துவிடுவதிலிருந்தே, இது மடத்து உணவின் சாயலில் வளர்ந்த கடை உணவு என்பது விளங்கும். முதல் துண்டைச் சாறு தொடாமல் உண்டால் மொச்சையின் இனிப்பு தெரியும். கொன்பின் பங்கு பின்புலத்தில் நிற்கும். கியோட்டோவில் பிறந்த வேதியியலாளர் இக்கேதா கிக்குனாயே 1908இல் கொன்பிலிருந்து குளூட்டாமிக் அமிலத்தைப் பிரித்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அவரைத் தூண்டியது ஒரு யுடோஃபுச் சட்டி என்ற கதை இன்றும் வழங்குகிறது. கடைசியில் சோறும் ஊறுகாயும் வந்தால் சாப்பாடு முடிந்தது என்று பொருள்.

மரக்கறி உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டோஃபு உணவகம் என்பதாலேயே எல்லாம் மரக்கறி ஆகிவிடாது. தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் சூப்பிலும் கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலின் சாரம் இருப்பது சாதாரணம். முழு மரக்கறி வேண்டுவோர் ஷோஜின் ரியோரி என்ற பெயரைத் தேட வேண்டும். கியோட்டோவின் மேற்கே அராஷியாமாவில் உள்ள தென்ரியூஜி கோயில் வளாகத்தின் ஷிகெட்சு அத்தகையது. அக்கோயிலின் குளத்தோட்டம் பதினான்காம் நூற்றாண்டில் முசோ சொசெக்கி அமைத்தது. பதினைந்து பாறைகளுக்குப் பேர்போன ரியோவான்ஜியின் வளாகத்திலும் செய்கென்-இன் என்ற கிளைக்கோயிலில் தோட்டம் பார்த்தபடி யுடோஃபு உண்ணலாம். அராஷியாமாவை அடுத்த சாகாவின் டோஃபு தனிப் புகழ் உடையது. யசுனாரி கவபாட்டாவின் 'பழைய தலைநகர்' நாவலில், சாகாவில் தனித்திருக்கும் தந்தைக்கு மகள் சியெகோ அவ்வூர் மோரிக்கா கடையின் டோஃபுவைக் கொண்டுபோகிறாள்.

டோக்கியோவிலும் இந்த மரபுக்குத் தனிக் கிளை உண்டு. நெகிஷியில் 1691இல் தொடங்கிய சசானோயுகி, கினுகோஷியில் பேர் பெற்றது. பெயரின் பொருள் மூங்கில் இலைமேல் பனி. கோயில் தலைவராக இருந்த அரச குலத்தவர் ஒருவர் குஸுச் சாறு ஊற்றிய டோஃபுவை விரும்பி இரண்டாம் கிண்ணம் கேட்டாராம். அதிலிருந்து இரண்டு கிண்ணமாகவே பரிமாறும் வழக்கம் வந்தது என்பது கடையின் கதை. 2005இல் டோக்கியோ கோபுரத்தின் அடியில் திறந்த டோஃபுயா உகாய், யோனெசாவாவிலிருந்த பழைய சாக்கே மதுச்சாலையைப் பெயர்த்து வந்து கட்டியது. அங்கே ஷாக்கெய் உத்தி தலைகீழாகிறது: பைன் மரங்களுக்கு மேலே இரவலாகத் தெரிவது மலையல்ல, 333 மீட்டர் உயர எஃகுக் கோபுரம்.

கடையில் ஒரு கட்டி டோஃபு நூறு யென் அளவில் கிடைக்கும் நாட்டில், இந்தக் கூடங்களில் ஒரு சாப்பாடு பல ஆயிரம் யென் ஆகிறது. இன்னொரு பக்கம், எளிய டோஃபுக் கடைகள் மறைந்துகொண்டிருக்கின்றன. 1960 வாக்கில் ஜப்பானில் சுமார் 50,000 டோஃபுச் செய்வோர் இருந்தார்கள். இன்று 6,000க்கும் குறைவு. விடியுமுன் மொச்சை அரைத்து, மாலையில் ஊதுகுழல் ஊதிச் சைக்கிளில் விற்றவர்களின் இடத்தைத் தொழிற்சாலைப் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. மொச்சையின் பெரும்பகுதியும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. கூடத்தில் கொடுக்கும் பணத்தில் டோஃபுவின் பங்கு சிறிது. மீதியெல்லாம் நல்ல தண்ணீருக்கும், அள்ளும் தருணம் தெரிந்த கைக்கும், ஆண்டு முழுக்கப் பைன் ஊசியிலையைக் கையால் கிள்ளிச் சீர்செய்யும் தோட்டக்காரருக்கும் போகிறது.

தோட்டத்துக்குக் கூட்டம் சேரும் பருவங்கள் இரண்டு: ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரிப் பூ, நவம்பர் கடைசியில் மேப்பிள் சிவப்பு. சட்டிக்குரிய பருவம் குளிர்காலம். ஜனவரி, பிப்ரவரியில் கியோட்டோவின் குளிர் தரையிலிருந்து எலும்புக்கு ஏறும் என்பார்கள். அந்நாட்களில் தோட்டத்தில் பூவும் இல்லை, இலையும் இல்லை. பாறை, பாசி, பைன், சில காலைகளில் பனி மட்டும். அப்போதுதான் வெந்நீருக்குள் இருக்கும் டோஃபு மேசையிலேயே மிகுந்த சூடுள்ள பொருளாக, முழுச் சுவையோடு இருக்கும்.